கறுப்புக் கரையில் அம்பர் பொறுக்குவது எப்படி?

நவம்பரில் லிதுவேனியா போகிறேன், பால்டிக் கடற்கரையில் அம்பர் சும்மாவே ஒதுங்கும் என்கிறார்களே, கூட்டமில்லாத ஊர் எது, அங்கே ஆட்கள் அதை எப்படி எடுக்கிறார்கள், நாமும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிளைபேதா துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் நான்கு குளிர்காலம் கழித்தவன் என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்லலாம். ஒரே ஊரைச் சொல்லச் சொன்னால் யுவோத்கிராந்தே என்பேன். பெயருக்குக் கறுப்புக் கரை என்று பொருள். ஜெர்மானியர் காலத்தில் அதற்கு ஷ்வார்ட்ஸ்ஓர்ட் என்று பெயர். அதிலும் கறுப்பு இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கமிருந்து "அம்பர் பறிமுதல்" என்று அடிக்கடி செய்தி வருமே, அது வேறு. அது அம்பர்கிரீஸ், ஒரு வகைத் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் பொருள். நம் நாட்டில் அதை வைத்திருப்பதே குற்றம். பால்டிக் அம்பர் என்பது மரப் பிசின். நான்கு கோடி ஆண்டு வாக்கில் பழையது, இறுகிக் கல்போல ஆகிவிட்ட பிசின். ஆதியில் அரபு மொழியில் திமிங்கலப் பொருளுக்கு இருந்த பெயர், இதுவும் கரையில் ஒதுங்குகிறதே என்று இதற்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு துணுக்கைக் கொளுத்திப் பார்த்தால் சந்தேகமே வராது. குங்கிலியம் போட்ட மாதிரி வாசம் வரும். ஜெர்மன் மொழியில் இதற்குப் பெர்ன்ஷ்டைன் என்று பெயர், எரியும் கல் என்று அர்த்தம். லிதுவேனியர்கள் கின்தாரஸ் என்பார்கள். அது ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயரும்கூட. பெண்ணுக்கு கின்தாரே. எங்கள் பட்டறையில் மட்டும் இரண்டு கின்தாரஸ் இருந்தார்கள்.

ஊர் இருக்கிற இடத்தைச் சொல்கிறேன். வரைபடத்தில் லிதுவேனியாவின் கடற்கரையைப் பார்த்தால், தெற்கே ரஷ்யாவின் கலினின்கிராத் பகுதியிலிருந்து கிளைபேதா வரை ரிப்பன் மாதிரி ஒரு மணல் நிலம் நீண்டு வரும். நீளம் 98 கி.மீ. அகலம் மிகக் குறுகிய இடத்தில் 400 மீட்டர், மிக அகன்ற இடத்திலும் 4 கி.மீ.க்குள்தான். மேற்கே பால்டிக் கடல், கிழக்கே கூரோனியக் காயல். அதன் வடக்குப் பாதி, 52 கி.மீ., லிதுவேனியாவுக்குச் சொந்தம். மொத்தத்தையும் யுனெஸ்கோ 2000-ல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கிளைபேதாவில் படகேறி அக்கரையில் இறங்கினால், பேருந்தில் ஏறத்தாழ 20 கி.மீ. தெற்கே யுவோத்கிராந்தே. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில நூறு பேர். கோடையில் விடுதிகள் நிரம்பும். நவம்பரில் தெருவில் ஆளைப் பார்ப்பதே அரிது. மரவீடுகள், மீன் புகைபோடும் வாசனை, பைன் காடு, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊர் கடலைப் பார்த்து இல்லை, காயலைப் பார்த்து இருக்கிறது. கடற்கரைக்குப் போக நிலத்தைக் குறுக்கே கடந்து காட்டுக்குள் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். இந்த மணல் நிலத்தில் பல இடங்களில் ஒரு காலத்தில் மரத்தையெல்லாம் வெட்டித் தீர்த்ததில், மணல்மேடுகள் காற்றில் நகர்ந்து ஊர்களையே மூடின. 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி மரம் நட்டுத்தான் மணலைக் கட்டிப்போட்டார்கள். யுவோத்கிராந்தேயைச் சுற்றி மட்டும் பழைய காடு தப்பியது.

அம்பர் அங்கே எப்படி வருகிறது? கலினின்கிராத் பகுதியில் சாம்லாந்து என்ற தீபகற்பம் இருக்கிறது. அதன் அடியில் "நீல மண்" என்று சொல்லப்படும் ஓர் அடுக்கு. பெயர்தான் நீலம், பார்த்தால் பச்சை கலந்த சாம்பல் நிறம். பழைய ஊசியிலைக் காடுகளின் பிசினை ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து சேர்த்த படிவு அது. கடல் அந்த அடுக்கை அரிக்கிறது, கரையோர நீரோட்டம் அரித்ததை வடக்கே தள்ளுகிறது. மணல் நிலத்தைக் கட்டியதும் அதே நீரோட்டம்தான். அதாவது காலுக்கடியில் இருக்கும் மணலும், அதில் நீங்கள் தேடும் அம்பரும் ஒரே வழியில் வந்தவை.

இணையத்தில் "அம்பர் கடலில் மிதந்து வரும்" என்று எழுதியிருப்பார்கள். நம்பாதீர்கள். அம்பரின் அடர்த்தி 1.05 முதல் 1.10 வரை. பால்டிக் கடல் நீர் அவ்வளவு கனமில்லை. நம் வங்கக் கடல் தண்ணீரில் லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும், அங்கே 7 கிராம் வாக்கில்தான். வாயில் வைத்துப் பார்த்தேன், சமையலில் உப்பு குறைந்த ரசம் மாதிரி இருந்தது. நம் கடல் நீரிலேயே அம்பர் மூழ்கும், அங்கே கேட்கவே வேண்டாம், அடியில்தான் கிடக்கும். ஆனால் சாதாரணக் கல்லை விடப் பாதிக்கும் குறைவான கனம் என்பதால், புயல் அலை அடிமண்ணைக் கலக்கும்போது எழும்பிவிடும். தண்ணீரில் ஊறிய மரத்தூள், கரித்துண்டு, நாணல் குச்சி, பாசி இவையும் ஏறக்குறைய அதே கனம். அலை இவற்றையெல்லாம் ஒன்றாகவே தூக்கும், ஒன்றாகவே ஒரே இடத்தில் போடும். இந்த விஷயம் மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

குளிர்காலத்தில்தான் அதிகம் கிடைக்கும் என்பது உண்மை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். இதற்குக் குளிர்ந்த நீர் கனமாக இருப்பதுதான் காரணம் என்று உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள். கணக்குப் போட்டால் அந்த வித்தியாசம் மிகச் சொற்பம். எனக்குத் தெரிந்தவரை உண்மையான காரணம் புயல். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் பெருங்காற்று அடிப்பது அந்த மாதங்களில்தான்.

இனி பழைய கதைக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கரையில் நடந்தால் பாதி சுவை போய்விடும்.

கி.பி. 98-ல் ரோமானிய ஆசிரியர் டாசிட்டஸ் இந்தக் கரை மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் அம்பரைப் பொறுக்கி எடுக்கிறார்கள், தங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அப்படியே கச்சாவாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அதற்கு விலை கிடைப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள் என்கிறார். உள்ளே பூச்சிகள் தெரிவதை வைத்து இது மரத்தின் பிசின்தான் என்றும் சரியாகவே சொல்லிவிட்டார். ஆனால் "பயனில்லை" என்றது தப்பு. அவருக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் அம்பரில் மணி கோத்துப் போட்டிருந்தார்கள். அதற்கான சாட்சி யுவோத்கிராந்தேயிலேயே கிடைத்தது. அது பின்னால் வருகிறது.

13-ஆம் நூற்றாண்டில் டியூட்டானிக் வீரத்துறவியர் அமைப்பு இந்த நாட்டைப் பிடித்தது. சிலுவைப் போர் வீரர்கள், பாதி துறவி, பாதி ஜமீன்தார். அவர்கள் வந்ததும் கரையில் ஒதுங்கும் அம்பர் முழுவதும் ஆட்சியாளருக்கே என்று ஆகிவிட்டது. மீனவன் பொறுக்கலாம், பொறுக்கித்தான் ஆகவேண்டும், ஆனால் வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படியே கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் கூலியாகக் கிடைத்தது உப்பு.

கடலோரத்தில் குடியிருப்பவனுக்கு உப்பைக் கூலியாகக் கொடுப்பதா என்று நமக்குத் தோன்றும். தூத்துக்குடிப் பாத்திகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பே சொற்பம், வெயிலும் இல்லை. பாத்தி கட்டி உப்பு எடுக்க வழியில்லை. உப்பில்லாமல் மீனைப் பதப்படுத்த முடியாது. மீனைப் பதப்படுத்தாமல் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. ஆகவே எங்கிருந்தோ கப்பலில் வந்த உப்பை ஆட்சியாளர் கையில் வைத்துக்கொண்டு, காலடியில் ஒதுங்கும் பொன்னிறக் கல்லை வாங்கிக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறைத்த இடம் இதுதான். எல்லாவற்றுக்கும் காரணம், உப்பு குறைந்த கடல். அதனால்தான் மீனவன் கை கட்டப்பட்டது.

வாங்கிய அம்பர் லூபெக், புரூஜ் நகரங்களின் ஜெபமாலைக் கைவினைஞர்களுக்குப் போனது. நல்ல இலாபம். அதனால் திருட்டுக்குத் தண்டனையும் கொடுமை. உரிமமில்லாமல் அம்பர் வைத்திருந்தவனைத் தூக்கில் போட்டார்கள். கரையோரம் தூக்குமரங்கள் நின்றன. பிற்காலத்தில் "கரைச் சத்தியம்" என்று ஒன்று வந்தது. கரையோரக் குடிகள் எல்லோரும் அம்பரைத் திருட மாட்டேன், திருடுகிறவன் என் உறவாக இருந்தாலும் காட்டிக்கொடுப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

சாம்லாந்துப் பக்கம் ஒரு பேய்க்கதை உண்டு. அன்செல்ம் என்ற அதிகாரி, அனுமதியில்லாமல் அம்பர் எடுத்த பலரைத் தூக்கிலிட்டானாம். செத்த பிறகு அவன் ஆவிக்கு அமைதி இல்லை. இரவில் கரையோரம் நடந்துகொண்டே "கடவுளே, அம்பர் எல்லோருக்கும், அம்பர் எல்லோருக்கும்" என்று கத்திக்கொண்டு போகுமாம். சுற்றுலாக் கடைகளில் இந்தக் கதையைச் சொல்ல மாட்டார்கள். அங்கே கிடைப்பது யூராத்தே, கஸ்தித்திஸ் கதை. கடலடியில் அம்பர் மாளிகையில் வாழ்ந்த தேவதை ஒரு மீனவனைக் காதலித்தாள், இடித்தெய்வம் பெர்கூனஸ் கோபித்து மாளிகையை நொறுக்கியது, அந்தச் சில்லுகள்தான் ஒதுங்குகின்றன என்று. அது எழுத்தில் வந்தது 1842-ல். அழகான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரையில் வாழ்ந்தவன் பட்ட பாட்டைப் பேய்க்கதைதான் சரியாகச் சொல்கிறது என்பது என் கட்சி.

அந்தக் காலத்தில் எடுத்த முறைகள் மூன்று நான்கு. சும்மா கரையில் நடந்து பொறுக்குவது ஒன்று. புயல் தணியும்போது ஆண்கள் தோல் உடுப்பு மாட்டிக்கொண்டு மார்பளவு நீரில் இறங்கி, நீண்ட கழியின் நுனியில் கட்டிய வலைப்பையால் பாசியையும் குப்பையையும் அள்ளிக் கரையில் வீசுவது இன்னொன்று. கரையில் பெண்களும் குழந்தைகளும் அந்தக் குவியலைக் கிளறி அம்பரைப் பிரிப்பார்கள். கடல் அமைதியாகத் தெளிந்திருக்கும் நாளில் படகில் போய், அடியில் பாறைகளுக்கு நடுவே சிக்கியிருப்பதை நீண்ட கொக்கியால் நெம்பி வலையில் ஏந்துவதும் உண்டு. கண்காணிக்க ஆட்கள் குதிரையில் கரையோரம் சுற்றி வந்தார்கள்.

வீரத்துறவியர் ஆட்சி 1525-ல் முடிந்தது. ஆட்கள் மாறினார்கள், குத்தகைகள் மாறின, உரிமை மேலே இருந்தவனிடமே இருந்தது. 1837-ல்தான் அப்போது அந்தக் கரையை ஆண்ட ஜெர்மானிய அரசான பிரஷ்யா, பணம் கட்டிக் குத்தகை எடுத்து அம்பர் சேகரிக்கும் உரிமையைக் கரையோர ஊர்களுக்குக் கொடுத்தது.

அப்புறம் வந்தது இயந்திரம். காயலில் கப்பல் போகும் வழியை ஆழப்படுத்த யுவோத்கிராந்தே அருகே தூர் வாரினார்கள். வாரிய சேற்றில் அம்பர் கிடந்தது. மேமல் நகரத்து ஷ்டான்டீன் என்பவரும், பெக்கர் என்ற யூத வியாபாரியும் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்திருந்தார்கள். மேமல் என்பது இன்றைய கிளைபேதாதான். "எங்கள் செலவில் தூர் வாரித் தருகிறோம், வேலை நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரசுக்குப் பணமும் கட்டுகிறோம், கிடைக்கும் அம்பர் எங்களுக்கு" என்று 1860-களின் தொடக்கத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். கெட்டிக்காரத்தனமான ஒப்பந்தம். நீராவித் தூர்வாரிகள் இரவு பகலாக ஓடின. ஆண்டுக்கு 75 டன் வரை எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்த சின்ன ஊரில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், துறை, பட்டறை. 1890-களில் அள்ள ஒன்றும் மிஞ்சவில்லை, எல்லாம் ஓய்ந்தது. அந்த இடத்துக்கு இன்றும் அம்பர் விரிகுடா என்றுதான் பெயர். ஊரின் வடக்கு ஓரத்தில் நாணல் அடர்ந்த ஒரு சின்ன வளைவு. நான் போனபோது நான்கு வாத்து மட்டும் நீந்திக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் அங்கே நீராவி இயந்திரங்கள் அலறிக்கொண்டிருந்தன என்று சொன்னால்தான் தெரியும்.

அந்தச் சேற்றில்தான் நான் முன்பு சொன்ன சாட்சியும் வந்தது. கற்காலத்து அம்பர் அணிகலன்கள், 434 துண்டுகள். பொத்தான்கள், குழாய் மணிகள், வட்டத் தகடுகள், அப்புறம் கண்ணும் மூக்கும் கீறிய தட்டையான மனித உருவங்கள். கழுத்தில் கட்டிக்கொள்ள வசதியாக அவற்றில் துளையும் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் சேகரிப்பைக் கவனித்த ரிச்சர்ட் க்ளெப்ஸ் என்ற அறிஞர் 1882-ல் அவற்றைப் படங்களோடு நூலாக வெளியிட்டார். நல்ல வேளை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் கோனிக்ஸ்பெர்க் (இன்றைய கலினின்கிராத்) நகரத்தோடு அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி காணாமல் போயிற்று. தப்பியவற்றில் சில ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருக்கின்றன. லிதுவேனியாவில் பார்க்க வேண்டுமென்றால் கிளைபேதாவுக்கு வடக்கே பலங்கா என்ற ஊரின் அம்பர் அருங்காட்சியகத்தில் பிரதிகள் உண்டு. 1963-ல் ஒரு பழைய பிரபு மாளிகையில் திறந்தது. இரண்டு முறை திருடுபோய்த் திரும்பிய, மூன்றரைக் கிலோ எடையுள்ள "சூரியக் கல்" அங்கேதான் இருக்கிறது.

கம்பெனி 1870-களில் சாம்லாந்துக்கு நகர்ந்து பால்ம்னிக்கன் என்ற ஊரில் சுரங்கம் வைத்தது. 1899-ல் அரசு அதை வாங்கிக்கொண்டது. 1945 ஜனவரி 31 இரவு, வதைமுகாம்களிலிருந்து அங்கே நடத்தி வரப்பட்ட சுமார் 3,000 யூதக் கைதிகளை, பெரும்பாலும் பெண்கள், பனி உறைந்த கடலோரத்துக்கு விரட்டிச் சுட்டார்கள். இன்று அந்த ஊருக்கு யாந்தார்னி என்று பெயர், யாந்தார் என்றால் ரஷ்ய மொழியில் அம்பர். உலகச் சந்தைக்கு வரும் அம்பரில் மிகப் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

யுவோத்கிராந்தேயின் பழைய குடிகளும் போர் முடியும் தறுவாயில் அநேகமாக எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். லாத்விய மொழியோடு ஒட்டிய ஒரு மொழி பேசிய கூர்ஷ் மீனவர்கள், ஜெர்மானியர்கள். பிறகு வந்து குடியேறியவர்கள் வேறு. ஆகவே "தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த கலை" என்று விளம்பரத்தில் படித்தால் பாதியாகக் கழித்துக்கொள்ளுங்கள். கழியும் வலையும் அதே, மனிதர்கள் புதியவர்கள். கடலிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு எப்படி எடுக்கிறார்கள்? தீவிரமாகப் போகிறவர்கள் தனி ரகம். காற்று எப்போது திரும்புகிறது, அலை எப்போது இறங்குகிறது என்று வானிலை வரைபடத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மார்புவரை வரும் ரப்பர் உடுப்போடு தண்ணீரில் நிற்பார்கள். வலையின் வாயைக் கரைப்பக்கம் திருப்பிப் பிடிப்பதைப் பார்த்து முதலில் எனக்குப் புரியவில்லை. மேலே ஏறிய அலை திரும்ப இறங்கும்போதுதான் கரையிலிருந்த குப்பையை உருட்டிக்கொண்டு வருகிறது, அதைத்தான் பிடிக்கிறார்கள். வலை நிறையக் கறுப்புச் சேறும் குச்சியுமாக இழுத்து வந்து மணலில் கொட்டுவார்கள், கூட வந்தவர் கிளறுவார். இரவில் புற ஊதா டார்ச் அடித்தால் அம்பர் பால் கலந்த நீலமாக ஒளிரும், அதையும் பயன்படுத்துகிறார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. காளான் பறிக்கும் இடத்தையும் அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எனக்குக் கற்றுக்கொடுத்தது, முதல் ஆண்டு கரையில் தற்செயலாகச் சந்தித்த ஒரு பெரியவர். நான் பளபளப்பாகத் தெரியும் மஞ்சள் எதையும் விடாமல் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், அலை விட்டுப்போன கறுப்புக் கோட்டின் முன் முழங்காலிட்டார். அரித்த மரத்துண்டு, நாணல், பாசி, சிப்பி ஓடு எல்லாம் கலந்து, ஒரு முழ அகலத்தில் கரிப்பொடி தூவின மாதிரி ஒரு பட்டை. கையிலிருந்த குச்சியால் அதைப் பக்கவாட்டில் மெதுவாக விலக்கினார். ஒரு நிமிடத்துக்குள் அரிசி அளவு மூன்று, பட்டாணி அளவு ஒன்று. எதுவுமே மின்னவில்லை. ஈரத்தில் வெல்லத் துணுக்கு மாதிரி மங்கலாக இருந்தது. சூரியனுக்கு முதுகு காட்டாதே, சூரியனைப் பார்த்து நட, வெளிச்சம் உள்ளே புகுந்து வெளியே வரும், அப்போது தெரியும் என்று சைகையில் சொன்னார். எனக்கு அப்போது பத்து லிதுவேனியச் சொல் தெரிந்தால் அதிகம். பட்டாணியை எடுத்து முன்பல்லில் தட்டிக் காட்டினார். கல்லானால் பல் கூசும்படி 'கிண்' என்று இருக்கும். அம்பர், பொத்தானைத் தட்டின மாதிரி மந்தமாக ஒலிக்கும். கையில் வைத்தாலும் கல்லின் சில்லிப்பு இருக்காது.

அன்று நான் சேர்த்தது மொத்தம் பதினொன்று. பெருமையோடு அறைக்கு வந்து உப்புத் தண்ணீர்ச் சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம். கால் லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பை நன்றாகக் கரையுங்கள். கடல் செய்யாததை இந்தத் தம்ளர் செய்யும், அம்பர் மிதக்கும். கண்ணாடி, கூழாங்கல், பேக்லைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் எல்லாம் மூழ்கும். என்னுடைய பதினொன்றில் நான்கு மிதந்தது. ஏழு உருண்டு தேய்ந்த பீர் பாட்டில் கண்ணாடியும் மஞ்சள் கூழாங்கல்லும். மிதந்த நான்கில் ஒன்றைக் கம்பளித் துணியில் தேய்த்து முகர்ந்தால் பிசின் வாசனைக்குப் பதில் ஒன்றுமே இல்லை. எரித்துப் பார்த்தேன், பிளாஸ்டிக் நாற்றம். சில வகைப் பிளாஸ்டிக்கும் உப்பு நீரில் மிதக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மிச்சம் மூன்று, மூன்றும் சேர்ந்து சுண்டுவிரல் நகத்தளவு. உப்பு நீரில் போட்ட துண்டுகளை நல்ல தண்ணீரில் கழுவிவிட மறக்காதீர்கள்.

தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிரேக்கர்கள் அம்பரை எலெக்ட்ரான் என்றார்கள், எலெக்ட்ரிக் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் பிளாஸ்டிக் சீப்பும் இழுக்குமே, அதனால் அந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்போது ஒரு எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாகப் படியுங்கள். பால்டிக் கரையில் சில இடங்களில் போர்க்கால வெடிமருந்திலிருந்து வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் கட்டிகள் ஒதுங்குகின்றன. பார்க்க அச்சு அசல் அம்பர். ஈரமாக இருக்கும்வரை சும்மா இருக்கும். சட்டைப் பையில் போட்டு, உடம்புச் சூட்டில் காய்ந்ததும் தானே பற்றிக்கொள்ளும், ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும், தண்ணீர் ஊற்றினாலும் காய்ந்ததும் மறுபடி எரியும். ஜெர்மனியின் உசெடோம் தீவிலும் லாத்வியாவின் லியபாயா பக்கத்திலும் ஆட்களுக்கு இப்படி மோசமான தீக்காயம் பட்டிருக்கிறது. யுவோத்கிராந்தே அதற்குப் பேர்போன இடமில்லை, ஆனாலும் பழக்கம் ஒன்றுதான்: பொறுக்குவதை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், ஒருபோதும் சட்டை, பேன்ட் பையில் வேண்டாம். முழுக்க உலர்ந்த பிறகுதான் வீட்டுக்குள்.

எடுக்கலாமா என்று கேட்டீர்கள். கரையில் ஒதுங்கியதைக் கையால் பொறுக்குவதை யாரும் தடுப்பதில்லை. மண்வெட்டியால் தோண்டுவது, பம்பு வைப்பது, அதெல்லாம் வேறு கதை, வம்பு வரும். அந்த மணல் நிலம் முழுவதும் தேசியப் பூங்கா. மணல்மேட்டில் பாதையை விட்டு ஏறக் கூடாது. கடற்கரைக்குக் கட்டியிருக்கும் மரப்பலகை வழியிலேயே போய் வாருங்கள். புயல் அடித்துக்கொண்டிருக்கும்போது போகவே வேண்டாம். மறுநாள் போதும். தண்ணீரில் இறங்கும் ஆசையும் வேண்டாம். நவம்பர்த் தண்ணீரில் காலுறை நனைந்தால் பத்தே நிமிடத்தில் விரல் மரத்துவிடும்.

வாங்கி வருவதாக இருந்தால் ஒரு சொல். பளிங்கு மாதிரி தெளிந்து, நடுவில் பெரிய பூச்சி நல்ல போஸில் நிற்கும் துண்டு மலிவாகக் கிடைத்தால் விலகிவிடுங்கள். உண்மையான அம்பருக்குள் இருக்கும் பூச்சி பெரும்பாலும் கொசு அளவுதான், கால் மடங்கி, சிறகு கோணிப் பரிதாபமாக இருக்கும். பால் மாதிரி மங்கலான அம்பரைக் கண்டு போலி என்று நினைக்காதீர்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள் நிறைந்திருப்பதால் அந்த நிறம், உள்ளூரில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். அம்பர் மாலை போட்டால் மூட்டுவலி போகும் என்று கடைக்காரர் சொல்வார். சிரித்துவிட்டு மாலையை மட்டும் பாருங்கள்.

நவம்பரில் அங்கே காலை எட்டு மணி வாக்கில்தான் விடியும், நாலரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். காலை முதல் பேருந்தில் கிளம்பி, ஊரில் இறங்கி நேரே காட்டுவழியே கடலுக்குப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது காயல் ஓரத்தில் ஏதாவது ஒரு வீட்டில் புகைபோட்ட மீன் விற்றுக்கொண்டிருந்தால், கேட்டுச் சூடாக வாங்குங்கள். கொஞ்சம் உப்பு தூக்கலாக இருக்கும்.